தேர்ச்சி பெற்றும் நின்றுபோன உதவித்தொகை: ஒரு சமூகக் கல்லூரி மாணவியின் நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் சமூகக் கல்லூரி (கம்யூனிட்டி காலேஜ்) ஒன்றில் 2024 ஆகஸ்டில் சேர்ந்த மாணவி ஒருவர், இரண்டாம் பருவத்தில் எடுத்த பாடங்கள் அனைத்திலும் தேர்ச்சி பெற்றிருந்தும், 2025 ஜூனில் கூட்டரசின் நிதியுதவியை இழந்தார். அது எவ்வாறு நேர்ந்தது, அதற்கு முன்னும் பின்னும் என்னென்ன முடிவுகள் எந்தக் காரணத்தால் எடுக்கப்பட்டன, அவற்றின் பலன் என்ன என்பதை இங்கே கால வரிசையில் பதிவு செய்கிறேன். நான் அந்தக் கல்லூரியைச் சாராமல், புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் படிவங்களிலும் கடிதங்களிலும் துணைநிற்கும் தன்னார்வப் பணியில் இருப்பவன். மாணவியும் அவருடைய பெற்றோரும் இப்பதிவுக்கு ஒப்புதல் தந்துள்ளனர். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

பின்னணி

தாய், தந்தை, மகள், பள்ளியில் படிக்கும் மகன் என நால்வர் கொண்ட இக்குடும்பம் 2023இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து கிரீன் கார்டுடன் வந்தது. அமெரிக்கக் குடிமகனான தாயின் அண்ணன், உடன்பிறந்தோருக்கான பிரிவில் மனுச் செய்து, பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த விசா அது. ஊரில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த தந்தை இங்கே ஒரு கிடங்கில் அதிகாலைப் பணிக்குப் போகிறார். தாய் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறார். மகள் பிளஸ் டூ முடித்தவர். செவிலியர் படிப்பு அவருடைய இலக்கு.

வந்த ஆண்டே அவரைக் கல்லூரியில் சேர்த்துவிட வேண்டும் என்று தந்தை விரும்பினார். ஆனால் கலிபோர்னியாவில் மாநிலவாசிக்கான கட்டணம் பெற, பருவம் தொடங்குவதற்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் அங்கே வசித்திருக்க வேண்டும். பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு மாநிலவாசிக்கு 46 டாலர்; வெளியாருக்கு அதைப்போலப் பல மடங்கு. மகள் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து 2024 வரை காத்திருந்தார். ஓராண்டு வீணாயிற்று என்று உறவினர் சிலர் வருந்தினாலும், அக்காத்திருப்பு சரியான முடிவு என்பதே என் கருத்து. கூட்டரசின் மானியம் குடியிருப்புக் காலத்தைப் பார்ப்பதில்லை என்றாலும், மாநிலத்தின் கட்டண விலக்கு பார்க்கிறது. பின்னால் இக்குடும்பத்தைத் தாங்கிப் பிடித்தது அந்த விலக்குதான்.

விண்ணப்பம்: 2024 தொடக்கம் முதல் ஆகஸ்ட் வரை

கூட்டரசு உதவிக்கான ஃபாஃப்சா படிவம் அந்த ஆண்டு முற்றிலும் மாற்றியமைக்கப்பட்டு, வழக்கமான அக்டோபருக்குப் பதிலாக 2023 டிசம்பர் கடைசியில்தான் திறக்கப்பட்டது. கல்லூரிகளுக்கு மாணவர் விவரங்கள் 2024 மார்ச் நடுவில்தான் போகத் தொடங்கின. ஆகவே எல்லாருக்கும் தாமதம் இருந்தது. இக்குடும்பத்துக்குக் கூடுதலாக மூன்று தடைகள் இருந்தன.

முதலாவது அச்சம். வந்து ஐந்தாண்டு ஆகும்வரை அரசு உதவி எதையும் தொடக்கூடாது என்று தந்தையிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அதைவிடப் பெரிய கவலை, மைத்துனர் கையொப்பமிட்ட ஐ-864 என்னும் பொறுப்பேற்புப் பத்திரம். “மச்சான் எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கார். நாங்க அரசாங்கப் பணம் வாங்கினா நாளைக்கு அவர்கிட்டப் போய்க் கேப்பாங்க,” என்றார் அவர். இந்த அச்சம் வெறும் வதந்தியிலிருந்து பிறந்ததன்று. 1996ஆம் ஆண்டுச் சட்டம் சில கூட்டரசு நலத்திட்டங்களுக்கு ஐந்தாண்டுத் தடை விதிப்பதும், அத்தகைய உதவியைப் பெற்றால் பொறுப்பேற்றவரிடம் அதை வசூலிக்க வழி செய்வதும் உண்மை. ஆனால் உயர்கல்விச் சட்டத்தின் கீழ் வரும் மாணவர் உதவிக்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவருக்குக் கூட்டரசு தரும் பெல் கிராண்ட் என்னும் மானியத்துக்கு, கிரீன் கார்டு வைத்திருப்பவர் வந்த நாள் முதலே தகுதி உடையவர். ஐ-864 படிவத்தோடு வரும் விளக்கத்தில் அந்த விலக்கைக் கண்ணால் கண்ட பிறகே தந்தை இசைந்தார். வாய்ச்சொல்லாக எவ்வளவு விளக்கியிருந்தாலும் அது நடந்திருக்காது. மைத்துனரின் மதிப்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் அவர் ஆவணத்தைக் கேட்டது நியாயமே.

இரண்டாவது தடை, பெற்றோர் இருவருமே தனித்தனிக் கணக்குத் தொடங்க வேண்டியிருந்தது. மாணவி 24 வயதுக்குக் குறைந்தவர், மணமாகாதவர் என்பதால் பெற்றோரின் விவரம் கட்டாயம். 2024–25 படிவம் 2022ஆம் ஆண்டு வருமானத்தைக் கேட்கிறது; அந்த ஆண்டு இவர்கள் அமெரிக்காவில் இல்லாததால் கூட்டு வரிக்கணக்கும் இல்லை. கூட்டாகக் கணக்குத் தாக்கல் செய்திருந்தால் ஒருவர் போதும். இல்லையென்றால் இருவரும் வேண்டும். தாய்க்குத் தனி மின்னஞ்சல் இல்லை, கணவரின் முகவரியையே பயன்படுத்தி வந்தார். ஒரே மின்னஞ்சலை இரு கணக்குகளுக்குப் பயன்படுத்த முடியாது. மேலும், வருமான வரித் துறையிடமிருந்து விவரம் பெற்றுக்கொள்ள ஒவ்வொருவரும் இசைவு தர வேண்டும். அமெரிக்காவில் வரிக்கணக்கே தாக்கல் செய்யாதவரும் தர வேண்டும். ஒருவர் மறுத்தாலும் மாணவிக்குக் கூட்டரசு உதவி ஒரு டாலர்கூடக் கிடைக்காது. “நமக்குத்தான் இங்கே 2022 கணக்கு இல்லையே” என்று தாய் அந்த இடத்தைக் கடந்து போக இருந்தார்.

மூன்றாவது, படிவத்தில் தந்த விவரங்களுக்கு ஆவணம் கேட்கும் சரிபார்ப்புக்கு மாணவி தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தையின் இந்திய வருமானம் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய், அன்றைய மாற்று மதிப்பில் சுமார் 5,800 டாலர். இந்திய வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால் 2022ஆம் நாட்காட்டி ஆண்டோடு அது பொருந்தவில்லை. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரையிலான கணக்கில் ஒன்பது மாதங்கள் 2022இல் விழுகின்றன என்பதைக் குறிப்பிட்டு, ஊரில் உள்ள ஆடிட்டர் அனுப்பிய வரிக்கணக்கு நகலையும், எந்த நாளின் மாற்று மதிப்பு பயன்படுத்தப்பட்டது என்ற கணக்கையும் கையொப்பமிட்ட விளக்கக் குறிப்போடு கொடுத்தார்கள். ஜூனில் கொடுத்தது ஆகஸ்ட் இறுதியில் ஏற்கப்பட்டது.

முடிவில் மாணவிக்கு அந்த ஆண்டின் உச்சத் தொகையான 7,395 டாலர் பெல் கிராண்டும், யூனிட் கட்டணத்தை முழுவதுமாக நீக்கும் மாநிலத்தின் கலிபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிராண்டும் கிடைத்தன. செவிலியர் படிப்புக்கு முன்தேவையான பாடங்களை மட்டும் எடுப்பவராகப் பதியாமல், 60 யூனிட் கொண்ட இணைப்பட்ட (அசோசியேட் டிகிரி) படிப்பில் அவர் பதிந்துகொண்டார். தகுதியுள்ள ஒரு பட்டத்தை நோக்கிய பாடங்களே கூட்டரசு உதவிக்குக் கணக்கில் வரும் என்பது அதற்குக் காரணம்.

முதல் பருவத்தில் நேர்ந்தது

ஃபால் பருவம் 2024 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கி டிசம்பர் 20 அன்று முடிவதாக இருந்தது. வேதியியல் 4, புள்ளியியல் 4, உளவியல் 3, இணையவழி ஊட்டச்சத்தியல் 3 என 14 யூனிட் எடுத்தார். 12 யூனிட்டும் அதற்கு மேலும் முழுநேரம் ஆதலால் ஆண்டுத் தொகையில் பாதியான 3,697 டாலர் செப்டம்பர் நடுவில் அவர் வங்கிக் கணக்குக்கு வந்தது. கட்டணம் ஏற்கெனவே நீங்கியிருந்ததால் அப்பணம் புத்தகத்துக்கும் ஆய்வக உடைக்கும் பேருந்துக்கும் வீட்டு வாடகையில் ஒரு பங்குக்கும் போயிற்று.

செப்டம்பர் மூன்றாம் வாரத்தில், பணியிடத்தின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து தாய்க்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு மூன்று மாதங்கள் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். தம்பியைப் பள்ளிக்குக் காரில் அழைத்துப் போய்வந்தவர் தாயே. தந்தை விடியுமுன் வேலைக்குப் போகிறவர், புதிய வேலை, விடுப்புக் கேட்க அஞ்சினார். சமையல், தாயைக் குளிக்க வைப்பது, மருத்துவமனை, தம்பியின் பள்ளி எல்லாம் மகளிடம் வந்தன. வேதியியல் ஆய்வகத்தைத் தொடர்ந்து தவறவிட்டார். அக்டோபர் தொடக்கத்தில், யாரையும் கேட்காமல், கல்லூரி இணையதளத்தில் வேதியியல், புள்ளியியல், உளவியல் மூன்றிலிருந்தும் விலகிக்கொண்டார். மதிப்பெண் பட்டியலில் தோல்வி ஏறாமல் ‘டபிள்யூ’ என்ற விலகல் குறி மட்டும் ஏறும் என்று திரையில் இருந்ததால், அதில் தீங்கில்லை என்று அவர் கருதினார்.

தந்தை இடையில் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்திருக்கிறார். மாணவியின் எழுத்துமூல இசைவு இல்லாமல் பெற்றோரிடமும் எதையும் சொல்ல 1974ஆம் ஆண்டின் மாணவர் தனியுரிமைச் சட்டம் பொதுவாக இடந்தராது என்பதால் பதில் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லா முடிவுகளையும் தந்தை எடுக்கும் நம் குடும்பங்களில் இது பெரிய இடைவெளியை உண்டாக்குகிறது: கேட்கத் துணிந்தவருக்குப் பதில் இல்லை, பதில் பெறத் தகுதியுள்ளவர் கேட்கத் துணியவில்லை.

அக்டோபர் 4: கடைசி வகுப்பு

மாணவி என்னிடம் வந்தது அக்டோபர் 4 அன்று. மீதமிருந்த ஊட்டச்சத்தியலையும் விட்டுவிட்டு ஜனவரியில் புதிதாகத் தொடங்கலாமா என்பது அவர் கேள்வி. அதற்குள் மூன்று விலகல்களும் நடந்து முடிந்திருந்தன. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை. முடிவெடுக்க எஞ்சியிருந்தது அந்த ஒரு வகுப்பைப் பற்றித்தான்.

ஒரு மாணவர் எல்லா வகுப்புகளிலிருந்தும் விலகிவிட்டால், பருவத்தின் எத்தனை விழுக்காட்டு நாட்கள் இருந்தாரோ அத்தனை விழுக்காட்டு உதவியை மட்டுமே ஈட்டியவராகிறார். 60 விழுக்காட்டைக் கடந்துவிட்டால்தான் முழுவதும் அவருடையது. பருவத்தின் 117 நாட்களில் அன்று 40ஆம் நாள், அதாவது 34 விழுக்காடு. ஏறக்குறைய 2,430 டாலர் ஈட்டப்படாத பணமாகியிருக்கும். மானியத்தில் பாதியளவுக்கு மாணவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதால் அவர் திருப்பித் தர வேண்டியது 600 டாலருக்குச் சற்றுக் குறைவாக இருந்திருக்கும். தொகை சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதைச் செலுத்தும்வரை, அல்லது தவணைக்கு உடன்பாடு செய்துகொள்ளும்வரை, நாட்டின் எந்தக் கல்லூரியிலும் கூட்டரசு உதவி கிடைக்காது. தாயின் சம்பளம் நின்றுபோன அந்த மாதத்தில் அக்குடும்பத்துக்கு அது எளிய தொகையன்று.

மாறாக, ஒரே ஒரு வகுப்பில் நீடித்தாலும் அவர் கல்லூரியை விட்டு விலகியவர் ஆகமாட்டார். விலகிய மூன்று வகுப்புகளிலும் அவர் தொடக்கத்தில் கலந்துகொண்டவர். யூனிட் எண்ணிக்கையைக் கல்லூரி கணக்கிட்டு உறுதிசெய்யும் நாளும் கடந்துவிட்டது. ஆகவே அக்கல்லூரியின் நடைமுறைப்படி பெல் தொகை மறுகணக்குச் செய்யப்படவில்லை. ஊட்டச்சத்தியல் இணையவழி வகுப்பு. தாயின் கட்டிலருகே இருந்தபடியே இரவில் செய்யலாம். அதைத் தக்கவைப்பது என்று முடிவு செய்தோம். டிசம்பரில் அதில் ‘பி’ பெற்றுத் தேறினார்.

ஜனவரி 2025: எச்சரிக்கையும் 9 யூனிட்டும்

கூட்டரசு உதவியைத் தக்கவைக்க அக்கல்லூரியில் மூன்று அளவுகோல்கள் உள்ளன. மதிப்பெண் சராசரி 2.0க்குக் குறையக் கூடாது. எடுத்த யூனிட்டுகளில் 67 விழுக்காடாவது முடித்திருக்க வேண்டும். படிப்பின் யூனிட் அளவில் ஒன்றரை மடங்குக்குள், அதாவது 60 யூனிட் படிப்பை 90 யூனிட்டுக்குள், முடிக்க வேண்டும். முதலாவதில் மாணவி 3.0 பெற்றிருந்தார். இரண்டாவதில்தான் இடி விழுந்தது. விலகல் குறி சராசரியைத் தொடுவதில்லை. ஆனால் ‘எடுத்தது’ என்ற எண்ணிக்கையில் ஏறுகிறது, ‘முடித்தது’ என்பதில் ஏறுவதில்லை. அவர் எடுத்தது 14, முடித்தது 3. விழுக்காடு 21.

ஜனவரியில் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒவ்வொரு பருவமும் மதிப்பிடும் கல்லூரிகளில், எச்சரிக்கைப் பருவத்தில் உதவி தொடரும்; அப்பருவ முடிவில் அளவுகோலை எட்டவில்லையென்றால் நிற்கும். அக்கடிதம் “அடுத்த பருவத்தில் உங்கள் முன்னேற்றத்தைச் சீர்செய்துகொள்ளுங்கள்” என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தது. படித்ததும் மாணவி, 15 யூனிட் எடுத்து எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுவதாகச் சொன்னார்.

கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒன்றையும் தவறவிடாமல் முடித்தாலும், 67 விழுக்காட்டை எட்ட அவருக்கு ஒரே பருவத்தில் 20 யூனிட் வேண்டும். 15 எடுத்து முடித்தால் 62 விழுக்காடு. 12 எடுத்து முடித்தால் 58. எந்த வழியில் போனாலும் ஜூனில் நிறுத்தம் உறுதி என்பது ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது. இந்த நிகழ்வில் மிகக் கடினமான நேரம் அதுதான். நன்றாகப் படித்தாலும் தண்டனை வரும் என்பதைப் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் அவர் 15 யூனிட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பாதி வழியில் மறுபடியும் விலகியிருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் எத்தனை யூனிட்? இங்கே மாநிலத்தின் விதி வேறாக இருந்தது. கட்டண விலக்கைத் தக்கவைக்கத் தொடர்ந்து இரு முதன்மைப் பருவங்களில் (ஃபால், ஸ்பிரிங்) முடித்தவை மொத்த யூனிட்டில் 50 விழுக்காட்டிலோ அதற்குக் கீழோ நிற்கக் கூடாது. ஒரு பருவம் ஏற்கெனவே போய்விட்டது. ஸ்பிரிங்கில் 6 யூனிட் மட்டும் எடுத்து முடித்தால் 20க்கு 9, அதாவது 45 விழுக்காடு; விலக்கும் போய்விடும். 9 எடுத்து முடித்தால் 23க்கு 12, அதாவது 52 விழுக்காடு; விலக்கு தங்கும். தாய் இன்னும் ஊன்றுகோலோடு நடந்துகொண்டிருந்த நிலையில் 12 யூனிட் ஆபத்து. எனவே ஆய்வகமில்லாத ஆங்கிலம், உளவியல், சமூகவியல் என 9 யூனிட். 2024–25 முதல் பெல் தொகை யூனிட் விகிதத்துக்கு ஏற்பக் கணக்கிடப்படுவதால் அவருக்கு 75 விழுக்காடு, 2,773 டாலர், கிடைத்தது. முழுநேரத்தைவிடச் சுமார் 925 டாலர் குறைவு. அந்த இழப்பை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

அதோடு இரண்டு வேலைகள் செய்யப்பட்டன. கலிபோர்னியக் கல்லூரிகளில், தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் விலகியவர் அக்குறியை ‘மன்னிக்கப்பட்ட விலகல்’ என்று மாற்றக் கோரலாம். கோரினோம், மே மாதம் ஏற்கப்பட்டது. அது மாநில விதிக்கு மட்டுமே உதவும். கூட்டரசின் கணக்கில் அந்த 11 யூனிட்டும் எடுத்தவையாகவே நிற்கும். இந்த வேறுபாடு தெரியாமல், மன்னிப்புக் கிடைத்ததும் எல்லாம் சரியாயிற்று என்று நம்பி ஏமாந்தவர்களைக் கண்டிருக்கிறேன். முடிவு எப்போது வரும் என்று ஜனவரியில் தெரியாததால், 9 யூனிட் திட்டத்தை அதை நம்பி அமைக்கவில்லை. இரண்டாவது வேலை, ஜூனில் தேவைப்படப்போகும் மேல்முறையீட்டுக்கான ஆவணங்களை அப்போதே சேர்க்கத் தொடங்கியது.

ஜூன் 2025: நிறுத்தமும் மேல்முறையீடும்

மாணவி ஒன்பது யூனிட்டையும் நல்ல மதிப்பெண்ணோடு முடித்தார். ஜூனில் எதிர்பார்த்தபடியே கடிதம் வந்தது: 23க்கு 12, உதவி நிறுத்தம். எதிர்பார்த்திருந்தும் அவர் அழுதார். “எல்லாத்துலயும் பாஸ் பண்ணியிருக்கேன், அண்ணா,” என்று மட்டும் சொன்னார்.

மேல்முறையீட்டுக்குக் கூட்டரசு விதியில் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: உறவினரின் இறப்பு, மாணவருக்கு நேர்ந்த காயம் அல்லது நோய், பிற சிறப்புச் சூழல்கள். தாயின் விபத்து மூன்றாவதில் அடங்கும். மாணவர் இரண்டு கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். ஏன் எட்ட முடியவில்லை? இனி எட்டுவதற்கு எது மாறியிருக்கிறது?

அவர் எழுதிவந்த முதல் வரைவில் முதல் கேள்விக்கு மூன்று பக்கம் இருந்தது, இரண்டாவதற்கு “இனி கடினமாக உழைப்பேன்” என்ற ஒரு வரி. இன்னொரு சிக்கலும் இருந்தது. தாய் குளியலறையில் உதவி கேட்டதைக்கூட எழுதியிருந்த அவர், மருத்துவமனைத் தாளை மட்டும் இணைக்க மறுத்தார். அம்மாவின் வலியைக் காட்டிப் பணம் கேட்பது போல இருக்கிறது என்றார். அந்தக் கூச்சத்தை மதிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கடிதத்திலிருந்து உடல் சார்ந்த விவரங்கள் அனைத்தையும் நீக்கிவிட்டு, தேதிகளை மட்டும் வைத்தோம்: விபத்து நாள், அறுவை நாள், காலை ஊன்ற அனுமதி கிடைத்த நாள், மூன்று வகுப்புகளிலிருந்தும் விலகிய நாள். சிகிச்சை விவரம் இல்லாமல் சேர்க்கை நாளும் வெளியேறிய நாளும் மட்டும் கொண்ட ஒரு சான்றை மருத்துவமனையிடம் தாயே கேட்டு வாங்கினார். குழுவினருக்குத் தேவை காலமும் காரணமும் பொருந்துகின்றனவா என்பதே. துயரத்தின் அளவை அவர்கள் எடைபோடுவதில்லை.

இரண்டாவது கேள்விக்கு ஒரு பக்கம் ஒதுக்கினார். தாய் 2025 மார்ச்சில் இலகுவான பணிக்குத் திரும்பியதற்கு மருத்துவர் தந்த சான்று. தம்பி இப்போது பள்ளிப் பேருந்தில் போவதற்கான பதிவு. தந்தையின் பணிநேரம் மாறிய அட்டவணை. இவற்றோடு ஒன்பது யூனிட்டும் முடித்த மதிப்பெண் பட்டியல். அவசரம் ஒன்று மறுபடி வந்தால் வகுப்பை விடுவதற்கு முன் கல்லூரியின் கல்வி ஆலோசகரான கவுன்சிலரையும் நிதியுதவி அலுவலகத்தையும் கேட்பேன் என்பதையும் எழுதினார். கடிதம் ஒன்றரைப் பக்கத்தில் முடிந்தது.

வருமானச் சிறப்பு மறுஆய்வு கோரலாமா என்றும் தாய் கேட்டார். வேலையிழப்பு போன்றவற்றுக்கு அந்த வழி உண்டு. ஆனால் 2025–26க்குக் கணக்கான 2023 வருமானம் நால்வர் குடும்பத்துக்கான 52,500 டாலர் வரம்புக்குக் கீழேயே இருந்ததால் உச்சத் தொகைக்கு ஏற்கெனவே தகுதி இருந்தது. மறுஆய்வால் ஆவணச் சுமை கூடுமே தவிரத் தொகை கூடாது. அதை விட்டுவிட்டோம். அந்த ஆண்டுப் படிவத்தை டிசம்பரிலேயே புதுப்பித்திருந்தார்கள். 2023க்குக் கூட்டு வரிக்கணக்கு இருந்ததால் இம்முறை தந்தையின் கையொப்பம் மட்டும் போதுமாயிற்று.

11 யூனிட்

மேல்முறையீட்டோடு கவுன்சிலர் வகுத்த கல்வித் திட்டமும் வேண்டும். 23க்கு 12 என்ற நிலையிலிருந்து ஒரே பருவத்தில் 67 விழுக்காட்டை எட்டக் குறைந்தது 11 யூனிட் முடிக்க வேண்டும். 10 முடித்தால் 66.7, கல்லூரியின் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. விட்டுப்போன வேதியியல் 4, புள்ளியியல் 4, பேச்சுத் தொடர்பியல் 3 என்று திட்டம் அமைந்தது. முதல் பருவத்தில் அவரை வீழ்த்திய இரண்டு பாடங்களும் அதில் இருந்தன. இலகுவான பாடங்களை எடுத்து விழுக்காட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் பட்டத்துக்குத் தேவையில்லாத பாடங்கள் பெல் கணக்கில் வாரா. வேதியியல் இல்லாமல் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. கவுன்சிலர் அதை மறுத்தது சரியே.

முடிவு ஆகஸ்ட் கடைசி வாரத்தில்தான் வந்தது: ஒரு பருவத்துக்கு நன்னடத்தை நிலை (புரோபேஷன்) எனப்படும் கண்காணிப்பின் கீழ் உதவி தொடரும். அதற்கு முன்பே வகுப்புகள் தொடங்கிவிட்டன. கட்டண விலக்கு கையில் இருந்ததால் மட்டுமே பணம் செலுத்தாத காரணத்துக்காக அவர் பெயர் நீக்கப்படவில்லை. ஜனவரியில் 6க்குப் பதில் 9 யூனிட் எடுத்ததும், மே மாதம் விலகல்கள் மன்னிக்கப்பட்டதும் இந்த ஆகஸ்டில் பலன் தந்தன. 11 யூனிட்டுக்கு 92 விழுக்காடு, சுமார் 3,400 டாலர், செப்டம்பர் நடுவில் வந்தது. இடைப்பட்ட வாரங்களில் வேதியியல் புத்தகத்தை நூலகத்தின் இருப்புப் பிரதியில் படித்தார்.

விளைவு

2025 டிசம்பரில் மூன்று பாடங்களிலும் தேறினார். புள்ளியியலில் ‘ஏ’, வேதியியலில் ‘சி’. 34க்கு 23, அதாவது 67.6 விழுக்காடு. ஜனவரியில் அவர் நிலை இயல்புக்குத் திரும்பியது. இனி ஒவ்வொரு பருவமும் மேல்முறையீடு தேவையில்லை. ஓராண்டின் முழு மானியத்தை 100 விழுக்காடாகக் கொண்டால், வாழ்நாள் பெல் வரம்பான 600 விழுக்காட்டில் அவர் பயன்படுத்தியது ஏறக்குறைய 134. நான்காண்டுக் கல்லூரிக்கு மாறினாலும் போதிய அளவு மீதியிருக்கிறது. 90 யூனிட் உச்சவரம்பிலோ 34 செலவாகிவிட்டது. முடிக்க வேண்டியவை 37, எஞ்சியிருப்பவை 56. மேலும் ஒரு பருவம் முதல் பருவத்தைப் போல ஆனால் அந்த இடைவெளி ஆபத்தான அளவுக்குச் சுருங்கும்; செவிலியர் சேர்க்கைக்காக வேதியியலை மறுபடி எடுக்கலாமா என்ற கேள்வி எழும்போதும் இக்கணக்கை முன்னால் வைக்க வேண்டியிருக்கும்.

மாற வேண்டியவை

முதல் மாற்றம் விலகல் பொத்தானில் வேண்டும். வகுப்பிலிருந்து விலக ஒரு நிமிடம் ஆகிறது; அதன் பண விளைவு ஒன்றரை ஆண்டு நீள்கிறது. அத்திரையில் மதிப்பெண் பட்டியலின் விளைவு மட்டுமே சொல்லப்படுகிறது. அக்டோபர் தொடக்கத்தில் மாணவி யாரையாவது கேட்டிருந்தால், மூன்றையும் விடாமல், ஆய்வகம் உள்ள வேதியியலையும் புள்ளியியலையும் மட்டும் விட்டு, உளவியலைத் தக்கவைத்திருக்கலாம். அப்போது 14க்கு 6 என்ற நிலையில் தொடங்கியிருப்பார். அடுத்த பருவத்தில் 9 முடித்தாலும் எச்சரிக்கையிலிருந்து மீண்டிருக்க முடியாது. ஆனால் மீள்வதற்கான யூனிட் எண்ணிக்கை 20இலிருந்து 11ஆகக் குறைந்திருக்கும், நிறுத்தமே வராமல் போயிருக்கவும் கூடும்.

எச்சரிக்கைக் கடிதத்தில் அந்த எண்ணே இருக்க வேண்டும். “சீர்செய்துகொள்ளுங்கள்” என்பதற்குப் பதிலாக, “நீங்கள் இத்தனை யூனிட் எடுத்து எல்லாவற்றையும் முடித்தால் அளவுகோலை எட்டுவீர்கள்; ஒரே பருவத்தில் அது இயலாதென்றால் மேல்முறையீட்டுக்கு இப்போதே ஆயத்தமாகுங்கள்” என்று எழுதப்பட்டால் மாணவர்கள் வீண் சுமை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். இக்கணக்கைப் போடத் தேவையான எண்கள் அனைத்தும் கல்லூரியிடம் இருக்கின்றன. இக்கோரிக்கையை மாணவியின் இசைவோடு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

எங்கள் பணியிலும் ஒன்றை மாற்றியிருக்கிறோம். படிவம் நிரப்பும் நாளிலேயே, பெற்றோருக்குத் தகவல் சொல்லக் கல்லூரிக்கு அனுமதி தரும் இசைவுத் தாளைப் பற்றிப் பிள்ளையிடம் தனியாகப் பேசுகிறோம். கையொப்பமிடுவது அவர் உரிமை. சிலர் மறுக்கிறார்கள், அதற்கும் காரணம் இருக்கும். இந்த மாணவி ஜனவரியில் கையொப்பமிட்டார். அதன் பிறகு நிதியுதவி அலுவலகத்துக்கு மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசுவதைத் தந்தை தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.